கிராண்டைக் காட்டச் சொல்லுங்கள்

முதல் வீடு வாங்கக் கிளம்பும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு

கோல சிலாங்கூரில் வழக்கறிஞர் அலுவலகக் கிராணியாக முப்பத்தாறு வருடம் இருந்தேன். வீடு வாங்குவது, விற்பது, வங்கிக் கடன், பெயர் மாற்றம் ஆகிய கோப்புகள்தான் என் மேசையில் அதிகம். ஓய்வு பெற்று சுங்கை புரோங்கில் மகன் வீட்டோடு வந்துவிட்ட பிறகும் பிள்ளைகள் தேடி வருகிறார்கள். கையில் பளபளப்பான விளம்பரத் தாள் இருக்கும். “மாமா, இந்த வீட்டை வாங்கலாமா?” என்பார்கள். “இதற்கு என்ன கிராண்ட்?” என்று, அதாவது எந்த வகை நில உரிமைப் பத்திரம் என்று, நான் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. எத்தனை அறை, எத்தனை கார் நிறுத்தலாம், மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடமாகச் சொல்வார்கள். எந்த வகை உரிமையை வாங்குகிறோம் என்பது மட்டும் தெரியாது.

நமக்கு அது தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறையும் ஒரே தோட்டத்து லயத்தில் இருந்தோம். அந்த வீட்டுக்கு வருடா வருடம் தீபாவளிக்கு முன்பு சுண்ணாம்பு அடித்தது அம்மா. பின்வாசலில் முருங்கை வைத்தது பாட்டி. ஆனால் எங்கள் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. அப்பா வேலையிலிருந்து நின்றதும், வீட்டை ஒப்படைக்கச் சொல்லி ஒரு பக்கக் கடிதம் வந்தது. அந்த ஒரு பக்கத்துக்கு எதிரே வைக்க எங்களிடம் எதுவும் இல்லை.

எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல இது. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மிஞ்ஞாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள், வாக்களிக்கப்பட்ட வீட்டுக்காக இருபது வருடத்துக்கும் மேல் போராடினார்கள். 245 குடும்பங்கள். அவர்கள் கேட்டது தரை வீடு. ஏன் தரை வீடுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள் என்பதைப் புரிந்துகொண்டால் கீழே நான் சொல்லப்போவதில் பாதி புரிந்துவிடும்.

1. மூன்று தாள்களைப் பிரித்து அறியுங்கள்

மாஸ்டர் டைட்டில் என்பது மொத்த நிலத்துக்கும் ஒரே கிராண்ட். அது மேம்பாட்டாளர் பெயரிலோ நில உரிமையாளர் பெயரிலோ இருக்கும். தனி கிராண்ட் என்பது ஒரு வீடு நிற்கும் ஒரு லாட்டுக்கு மட்டும் உரியது. தாமானில் இருக்கும் சாதாரண இணைப்பு வீடு இந்த வகை. மூன்றாவது ஸ்ட்ராத்தா கிராண்ட். ஒரே நிலத்தில், பெரும்பாலும் ஒரே கட்டடத்தில், பலர் தனித்தனிப் பகுதிகளுக்கு உரிமையாளர்களாக இருக்கும் ஏற்பாடு இது. 1985-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா உரிமைச் சட்டம் இதை ஒழுங்குபடுத்துகிறது. அந்தக் கட்டடத்தை எப்படி நிர்வகிப்பது என்பதை 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம் சொல்கிறது. அது 2015 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது.

யார் வீடு விற்க வந்தாலும், இந்த மூன்றில் எது என்று முதலில் கேளுங்கள். “கிராண்ட் எல்லாம் பிறகு வரும், கவலைப்படாதீர்கள்” என்று பதில் வந்தால், அன்றைக்கு எதிலும் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

2. ஸ்ட்ராத்தா என்றால் மாடி வீடு மட்டும் அல்ல

பலர் ஏமாறும் இடம் இது. மலிவு விலை அடுக்குமாடி, அபார்ட்மெண்ட், கொண்டோமினியம் எல்லாம் ஸ்ட்ராத்தா என்பது எல்லாருக்கும் தெரியும். டவுன்ஹவுஸ் என்ற வீடு பார்வைக்கு இணைப்பு வீடு மாதிரியே இருக்கும். வாசல் தரையில், முன்னால் கார். ஆனால் கீழ்த்தளம் ஒருவருடையது, மேல்தளம் இன்னொருவருடையது. அதுவும் ஸ்ட்ராத்தாதான். மேல்வீட்டுக் குளியலறை ஒழுகினால் உங்கள் சாமி அறைக் கூரையில் ஈரம் தெரியும்.

அடுத்தது, மதில் சுற்றி, ஒரே நுழைவாசல் வைத்துக் கட்டிய தரை வீடுகள். 2011-இல் கோலாலம்பூர் - கோல சிலாங்கூர் விரைவுச்சாலை திறந்த பிறகு ஈஜோக், புஞ்சாக் ஆலாம் பக்கம் செம்பனை நின்ற இடங்களில் தாமான்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. அந்தத் தாமான்களில் வீடு பார்க்கும்போது இதைக் கட்டாயம் விசாரியுங்கள். நான்கு மாடிக்கு மேற்படாத வீடுகள் கொண்ட வளாகத்தை நிலப் பகுதிகளாகப் பிரித்து ஸ்ட்ராத்தா கிராண்ட் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வீட்டுக்குக் கீழே உள்ள மண் உங்களுடையதுதான். ஆனால் வீட்டு முன்னால் ஓடும் சாலை, கால்வாய், தெருவிளக்கு, விளையாட்டுத் திடல் எல்லாம் உரிமையாளர்களின் பொதுச் சொத்து. சாலையில் குழி விழுந்தால் நகராண்மைக் கழகம் வந்து தார் போடாது. நீங்களும் அண்டை வீட்டாரும் சேர்ந்து போட வேண்டும். பின்பக்கம் சமையலறையை நீட்ட நினைத்தால் நகராண்மைக் கழக அனுமதியோடு வளாக நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

“தரை வீடுதானே மாமா, மாதக் கட்டணம் எதற்கு?” என்று ஒரு பையன் சாவி வாங்கிய பிறகு என்னிடம் வந்து நின்றான். அவன் வந்திருக்க வேண்டியது ஒரு வருடம் முன்னால்.

3. காவல் சாவடி வைத்த தாமான் எல்லாம் ஒன்றல்ல

வாசலில் தடுப்புக் கம்பமும் காவலாளியும் இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒருவகைத் தாமானில் வீடுகளுக்குத் தனி கிராண்ட். சாலை நகராண்மைக் கழகத்துடையது. குடியிருப்பாளர் சங்கம் அனுமதி வாங்கிக் காவல் வைத்திருக்கும். அங்கே கட்டுகிற பணம் உங்கள் ஒப்புதலைப் பொறுத்தது. இன்னொரு வகை, நான் மேலே சொன்ன ஸ்ட்ராத்தா வளாகம். அங்கே கட்டணம் சட்டப்படியான கடன். கட்டாமல் இருந்தால் வழக்கு வரும். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கிராண்டைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

4. உங்களுடையது எது, எல்லாருடையது எது

அடுக்குமாடி ஸ்ட்ராத்தாவில் உங்கள் வீட்டின் எல்லை சுவரின் நடுக்கோடு. தரைக்கும் கூரைத்தளத்துக்கும் அப்படியே. ஸ்ட்ராத்தா வரைபடத்தில் வேறாகச் சொல்லியிருந்தால் ஒழிய, அந்த நடுக்கோட்டுக்கு உள்ளே இருப்பதுதான் உங்களுடையது. படிக்கட்டு, லிப்ட், கூரை, தண்ணீர்த் தொட்டி, நடைவழி, கட்டடம் நிற்கும் நிலம் எல்லாம் பொதுச் சொத்து.

கார் நிறுத்துமிடத்தைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். அது உங்கள் கிராண்டில் துணைப் பகுதியாக எழுதப்பட்டிருந்தால் உங்கள் வீட்டோடு ஒட்டியது. வீட்டைப் பிரித்து அதை மட்டும் வேறொருவருக்கு விற்க முடியாது. கிராண்டில் இல்லாமல் நிர்வாகம் ஒதுக்கிக் கொடுத்தது மட்டும் என்றால் நாளை மாறலாம். “இரண்டு கார் பார்க் உண்டு” என்று வாய்மொழியாகச் சொல்வதை நம்பி விலையில் பத்தாயிரம் வெள்ளி கூடக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் வீட்டுப் பழக்கத்தைப் பற்றியும் இதில் ஒரு சொல் சொல்ல வேண்டும். லயத்தில் வாசல் என்பது நம்முடையது. கோலம் போடுவோம், துளசி மாடம் வைப்போம், செருப்பைக் கழற்றுவோம், மோட்டார் சைக்கிளை ஏற்றி நிறுத்துவோம். அடுக்குமாடியில் கதவுக்கு வெளியே ஓர் அங்குலம் கூட உங்களுடையது அல்ல. அது பொது நடைவழி. தீப்பிடித்தால் எல்லாரும் ஓடும் வழி. தோரணம் கட்டலாமா, பொங்கல் பானை எங்கே வைப்பது, ஒரு சாவு நடந்தால் சடங்கை எங்கே செய்வது என்பதெல்லாம் வளாகத்தின் துணை விதிகளையும் பொது மண்டபத்தையும் பொறுத்தது. வெட்கப்படாமல் முன்கூட்டியே கேளுங்கள். வயதான அம்மா அப்பாவை அழைத்துப் போய் வைக்கப்போகும் வீடு என்றால் கட்டாயம் கேளுங்கள்.

5. மாஸ்டர் டைட்டிலில் இருக்கும் பழைய அடுக்குமாடி

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நானே பட்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளில், லிப்ட் இல்லாத ஐந்து மாடிக் கட்டடத்தில் நான்காவது மாடியில் ஒரு வீடு வாங்கினேன். கிராணியாக இருந்தும் அவசரப்பட்டேன். பிள்ளைகளின் பள்ளி பக்கத்தில் இருக்கிறது என்ற ஒரே நினைப்பு. ஒப்பந்தத்தில் கையெழுத்து, வங்கிக் கடன், சாவி எல்லாம் ஒழுங்காக நடந்தன. ஸ்ட்ராத்தா கிராண்ட் மட்டும் வரவில்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்றார்கள். பிறகு அந்த மேம்பாட்டு நிறுவனமே கலைக்கப்பட்டது. கடனை முழுவதும் அடைத்து, வங்கி என் கோப்பைத் திருப்பிக் கொடுத்தது. பழுப்பு உறைக்குள் ஒப்பந்தமும் உரிமை ஒப்படைப்புப் பத்திரமும் இருந்தன, கிராண்ட் இல்லை. அந்த உறையை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துப் பதினைந்து வருடம் பாதுகாத்தோம். என் மனைவி வீடு துடைக்கும்போதெல்லாம் அந்த டின்னைத் திறந்து, கறையான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுவாள்.

அந்த வீட்டை விற்க நினைத்தபோது, நிறுவனத்தைக் கலைக்கும் பொறுப்பாளரிடம் ஒப்புதல் கேட்டு எழுத வேண்டியிருந்தது. அதற்குக் கட்டணம், அதற்குக் காத்திருப்பு. வாங்க வந்தவர் பாதியில் விலகிவிட்டார்; அவருடைய வங்கி கிராண்ட் இல்லாத வீட்டுக்குக் கடன் தரத் தயங்கியது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை இவை. கிராண்ட் வந்த வீடு போராங் 14ஏ மூலம் உங்கள் பெயருக்கு மாறுகிறது. பதிவேட்டில் உங்கள் பெயர் ஏறுகிறது. கிராண்ட் வராத வீட்டில் உங்களுக்குக் கிடைப்பது ஒப்பந்தத்தின் உரிமை ஒப்படைப்பு மட்டும். இரண்டும் ஒரே பலம் உள்ளவை அல்ல. 2015-க்குப் பிறகு நிலைமை மாறியிருக்கிறது: புது ஸ்ட்ராத்தா வீட்டைச் சாவியோடு ஒப்படைக்கும்போதே கிராண்டும் தயாராகியிருக்க வேண்டும் என்பது இப்போதைய விற்பனை ஒப்பந்த விதி. பழைய கட்டடத்தில் வாங்குகிறீர்கள் என்றால் கிராண்ட் வந்துவிட்டதா, வந்திருந்தால் விற்பவர் அதைத் தன் பெயருக்கு மாற்றினாரா என்று பாருங்கள். கிராண்ட் வந்த கடிதத்தை அலமாரியில் போட்டுவிட்டு, செலவுக்குப் பயந்து பெயர் மாற்றாமல் இருப்பவர்கள் நம்மில் நிறைய. கணவர் இறந்த பிறகு அந்தக் கடிதத்தோடு வந்து நிற்கும் பெண்களை என் மேசை முன்னால் பார்த்திருக்கிறேன். உயிரோடு இருக்கும்போது ஒரு கையெழுத்தில் முடியும் வேலை, இறந்த பிறகு வருடக்கணக்கில் இழுக்கும்.

ஏல வீட்டுக்கும் இதே எச்சரிக்கை. கிராண்ட் இருக்கும் ஏலம் வேறு, உரிமை ஒப்படைப்பு ஏலம் வேறு. ஏல அறிவிப்பில் பாக்கிப் பராமரிப்புக் கட்டணத்தை யார் கட்டுவது என்று எழுதியிருக்கும். அந்த வரியைத் தேடிப் பிடித்துப் படியுங்கள்.

6. கிராண்டின் மேல் இருக்கும் எழுத்துகள்

ஜி.ஆர்.என்., ஜி.எம். என்று இருந்தால் பொதுவாக நிரந்தர உரிமை. பி.என்., பி.எம். என்றால் குத்தகை. எச்.எஸ்.(டி), எச்.எஸ்.(எம்) என்றால் அளவை இன்னும் முடியாத தற்காலிக கிராண்ட். ஜி.ஆர்.என். அல்லது பி.என். என்றால் பதிவு ஷா ஆலமில் மாநில நில அலுவலகத்தில் இருக்கும். ஜி.எம். அல்லது பி.எம். என்றால் மாவட்ட நில அலுவலகத்தில் இருக்கும். இவ்வளவு தெரிந்தாலே எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துவிடும்.

குத்தகை என்றால் கணக்குப் போடுங்கள். 1990-இல் தொடங்கிய 99 வருடக் குத்தகை 2089-இல் முடிகிறது. 2025-இல் வாங்கினால் மீதி 64 வருடம். 35 வருடக் கடனைக் கட்டி முடிக்கும் நாளில் மிச்சம் இருப்பது 29 வருடம். அந்த வீட்டை அப்போது உங்கள் பிள்ளை விற்க நினைத்தால், வாங்க வருபவருக்கு வங்கி கடன் தருமா என்று இப்போதே யோசியுங்கள். குத்தகை கெட்டது என்று நான் சொல்லவில்லை; விலை அதற்கேற்ப இருக்க வேண்டும். குத்தகை வீடு கைமாற மாநில அரசின் ஒப்புதல் தேவைப்படுவதுண்டு. அதற்குச் சில மாதம் ஆகும்.

கிராண்டில் நிபந்தனை, கட்டுப்பாடு என்று இரண்டு பகுதிகள் இருக்கும். மலாய் ஒதுக்கீட்டு நிலமா, பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீடா என்பது அங்கேதான் தெரிய வரும். தஞ்சோங் காராங் பக்கம் வயலோரத்தில் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் முதலில் அந்தப் பகுதியைப் படியுங்கள். நம் பெயரில் மாறவே முடியாத நிலத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அழுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

7. வர்த்தக நிலத்தில் எழுந்த வீடுகள்

சர்வீஸ் அபார்ட்மெண்ட், சோஹோ என்ற பெயரில் வருபவை பல நேரம் வர்த்தக நிலத்தில் நிற்பவை. படுக்கை அறை படுக்கை அறைதான். ஆனால் மதிப்பீட்டு வரி, தண்ணீர், மின்சாரக் கட்டண வீதம் எல்லாம் குடியிருப்பு வீட்டைவிடக் கூடலாம். ஒப்பந்தம் 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகளின் அட்டவணைப்படி எழுதப்பட்டதா என்று கேளுங்கள். பொதுவாகத் தனி கிராண்ட் உள்ள தரை வீட்டுக்கு ஜி அட்டவணை, ஸ்ட்ராத்தா வீட்டுக்கு எச் அட்டவணை. அந்த விதிகளின் அட்டவணைப்படி இல்லை என்றால் அந்தச் சட்டம் தரும் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

8. லாட் லிடி: இதைத் தொடாதீர்கள்

இது ஸ்ட்ராத்தா அல்ல. ஆனால் வட சிலாங்கூரில் நம் பிள்ளைகளை அதிகம் இழுப்பது இதுதான். ஒரு விவசாய நிலத்தை வரைபடத்தில் ஈர்க்குச்சி மாதிரி துண்டு துண்டாகக் கோடு போட்டு, “உங்கள் பெயரும் கிராண்டில் ஏறும்” என்று சொல்லி விற்பார்கள். பெயர் ஏறும், அது உண்மை. ஆனால் இருபது பேரில் ஒருவராக, பிரிக்கப்படாத பங்குக்காரராக ஏறும். நீங்கள் வேலி போட்ட துண்டு உங்களுடையது என்று அந்த கிராண்ட் சொல்லாது. விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டருக்குக் குறைவாகப் பிரிக்க நிலச் சட்டம் இடம் தராது. ஆகவே பிறகு பிரித்து வாங்கிக்கொள்ளலாம் என்பது நடக்காத பேச்சு. விவசாய நிபந்தனை உள்ள நிலத்தில் வீடு கட்டினால் அனுமதிப் பிரச்சினை. பங்குக்காரர்களில் ஒருவர் இறந்தால், ஒருவர் கடனில் சிக்கினால், எல்லாருக்கும் தலைவலி.

அடுக்குமாடி ஸ்ட்ராத்தாவிலும் நிலம் எல்லாருக்கும் பொதுதான். ஆனால் அங்கே உங்கள் வீட்டின் எல்லை அளக்கப்பட்டு, பங்கு அலகு (அதைப் பற்றி அடுத்துச் சொல்கிறேன்) கணக்கிடப்பட்டு, தனி கிராண்டாகப் பதிவாகிறது. லாட் லிடியில் அந்த அளவையும் இல்லை, தனி கிராண்டும் இல்லை. ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தை இதில் போட்ட ஒரு குடும்பத்துக்காக நான் எத்தனையோ கடிதம் தட்டச்சு செய்தேன். ஒன்றுக்கும் பலன் இல்லை.

9. பங்கு அலகும் மாதக் கட்டணமும்

ஸ்ட்ராத்தாவில் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு அலகு என்று ஓர் எண் உண்டு. வீட்டின் பரப்பு, வகை, துணைப் பகுதி இவற்றை வைத்துக் கணக்கிடப்படுவது. கட்டணமும் பொதுச் சொத்தில் உங்கள் பங்கும் அதைப் பொறுத்தவை. ஓர் அலகுக்கு 1.50 வெள்ளி என்று கூட்டம் முடிவு செய்தால், 100 அலகு உள்ளவர் 150 வெள்ளி கட்டுவார், 150 அலகு உள்ளவர் 225 வெள்ளி கட்டுவார். அதற்கு மேல் பத்து விழுக்காடு சேமிப்பு நிதிக்கு: 15 வெள்ளி, 22.50 வெள்ளி. கூரை மாற்ற, லிப்ட் மாற்ற, சாயம் அடிக்க அந்த நிதிதான். தாமதித்தால் வருடத்துக்குப் பத்து விழுக்காடு வரை வட்டி போடலாம்.

தோட்டத்தில் குழாய் உடைந்தால் துரை ஆள் அனுப்புவார். கால்வாய் அடைத்தால் தோட்டத்துச் சுகாதார ஆள் வருவான். பொது என்றால் வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் அங்கிருந்து நம்மோடு வந்துவிட்டது. ஸ்ட்ராத்தாவில் அந்த வேறு யாரோ இல்லை. நாற்பது வீட்டில் பதினைந்து வீடு கட்டவில்லை என்றால் லிப்ட் நிற்கும், தண்ணீர்ப் பம்பு நிற்கும். நான்காவது மாடிக்கு வாளியில் தண்ணீர் தூக்கிய நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. என் மனைவியின் முழங்கால் வலி அப்போது தொடங்கியதுதான். கட்டணம் கட்டாதவர்களைத் திட்டிக்கொண்டே படியேறுவோம். அவர்களில் சிலர் நம் சொந்தக்காரர்கள்.

மாதத் தவணையைக் கணக்கிடும்போது இந்தக் கட்டணத்தையும் மதிப்பீட்டு வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சிலாங்கூரில் 2018 முதல் ஸ்ட்ராத்தா வீடுகளுக்கு நிலவரியும் பகுதி வரியாகத் தனித்தனியாக வருகிறது. அதையும் விட்டுவிடாதீர்கள்.

10. பழைய கட்டடத்தை எப்படிப் பார்ப்பது

ஞாயிறு மதியம் விற்பவரோடு போகாதீர்கள். வேலை நாள் இரவு எட்டு மணிக்குத் தனியாகப் போங்கள். லிப்டில் ஏறுங்கள். மேல் மாடிக்குப் போய்க் கூரையின் உள்பக்கத்தில் ஈரத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். அறிவிப்புப் பலகையில் பாக்கிப் பட்டியலும் ஆண்டுக் கூட்ட அறிக்கையும் ஒட்டியிருக்கும், நின்று படியுங்கள். கடைசியாகக் கூட்டம் எப்போது நடந்தது என்று காவலாளியைக் கேளுங்கள். குப்பைத் தொட்டி பக்கம் போய் மூச்சை இழுத்துப் பாருங்கள். விற்பவரின் பாக்கி எவ்வளவு என்று நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். டிங்கில் தாமான் பெர்மாத்தாவைப் பாருங்கள். புத்ராஜெயா உருவானபோது நான்கு தோட்டங்களிலிருந்து மாற்றப்பட்ட நம் மக்கள், விரிசல் விழுந்த சுவர்களுக்குள் எத்தனை வருடம் இருந்தார்கள்! அதைப் பார்த்தவன் சுவரைத் தொட்டுப் பார்க்காமல் வீடு வாங்க மாட்டான்.

மேல்வீட்டிலிருந்து ஒழுகினால் சண்டைக்குப் போகாதீர்கள். கூரையில் கசிவு தெரிந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படாத வரை, பழுது மேல்வீட்டில்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தால் ஏழு நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஸ்ட்ராத்தா நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. 250,000 வெள்ளி வரையிலான வழக்கை, பெரும்பாலும் வழக்கறிஞர் இல்லாமலே, நீங்களே பேசலாம்.

11. கூட்டத்துக்குப் போங்கள்

கட்டடத்தை நிர்வகிப்பது, கிராண்டுகள் வரும் முன் கூட்டு நிர்வாகக் கழகம், அவை வந்து பெயர் மாறிய பிறகு நிர்வாகக் கழகம். இரண்டிலும் முடிவு எடுப்பது உரிமையாளர்கள்தான். குழுவில் 3 முதல் 14 பேர் வரை இருக்கலாம். பாக்கி வைத்திருந்தால் ஓட்டுப் போட முடியாது. ஒருவர் ஒரு உரிமையாளருக்கு மட்டும்தான் பதிலாளாக வர முடியும். ஆகவே யாராவது ஒரு கட்டுக் கையெழுத்தோடு வந்தால் எழுந்து கேளுங்கள். கோயில் கூட்டத்துக்குக் கூட்டமாகப் போகிறோம். கட்டடக் கூட்டத்துக்கும் அப்படிப் போக வேண்டும். அங்கேதான் உங்கள் பணம் செலவாகிறது.

12. ஒப்பந்தத்துக்கு முன் பணம் வேண்டாம்

வீடமைப்பு விதிகளின்படி, விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் மேம்பாட்டாளர் முன்பதிவுப் பணம் வாங்கக் கூடாது. வாங்கினால் என்ன ஆகும் என்பதை 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது: வீட்டை ஒப்படைக்கும் கெடு, முன்பதிவுப் பணம் கொடுத்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். ஆகவே எந்தப் பணம் கொடுத்தாலும் ரசீதைத் தொலைக்காதீர்கள். ஸ்ட்ராத்தா வீட்டுக்கு ஒப்படைப்புக் கெடு பொதுவாக 36 மாதம், தனி கிராண்ட் உள்ள தரை வீட்டுக்கு 24 மாதம். சாவி வாங்கிய பிறகு 24 மாதம் வரை குறைகளைச் சரி செய்வது அவர்கள் பொறுப்பு. விரிசலைப் படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது.

13. யார் பெயரில்

அண்ணன் தம்பி சேர்ந்து வாங்குவது நல்லதுதான். ஆனால் எத்தனை பங்கு யாருக்கு என்று கிராண்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் சமப் பங்கு என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். கணவன் மனைவி பெயரில் வாங்கி ஒருவர் இறந்தால், முழு வீடும் தானாக மற்றவருக்கு வந்துவிடாது. உயில் இல்லை என்றால், இறந்தவரின் பங்கில் மனைவிக்கு அல்லது கணவருக்கு நான்கில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி, உயிரோடு இருக்கும் பெற்றோருக்கு நான்கில் ஒன்று. பெற்றோர் இல்லை என்றால் மனைவிக்கு அல்லது கணவருக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. வீடு வாங்கும் வாரத்திலேயே உயிலும் எழுதிவிடுங்கள். இருபத்தெட்டு வயதில் உயில் எழுதுவது அபசகுனம் அல்ல.

14. நீங்களே போய்த் தேடுங்கள்

வழக்கறிஞர் தேடுவார் என்று விட்டுவிடாதீர்கள். வழக்கறிஞரிடம் போகும் முன்பே கிராண்ட் எண்ணை வாங்கி, நில அலுவலகத்தில் தனியார் தேடல் எடுங்கள். உரிமையாளர் பெயர், அடமானம், கேவியட் என்ற பெயர் மாற்றத் தடை, நிபந்தனை, குத்தகை முடியும் நாள் எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். இரண்டரை லட்சம் வெள்ளி வீட்டுக்கு முத்திரைத் தீர்வை மட்டும் சாதாரணமாக 4,000 வெள்ளி. அதோடு ஒப்பிட்டால் தேடலுக்கு ஆகும் பணம் ஒன்றுமே இல்லை. முதல் வீட்டுக்கு அரசு சலுகை அறிவித்திருந்தால் தீர்வையில் தள்ளுபடி கிடைக்கும். அதையும் வழக்கறிஞரிடம் கேட்டு வாங்குங்கள்.

பத்தாங் பெர்ஜுந்தை என்று நாங்கள் அழைத்து வந்த பெஸ்தாரி ஜெயாவில் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நட்டது அங்கேதான். நூறு வருடத்துக்கு மேல் நம் கை பட்ட மண் அது. இந்த மாவட்டத்தில் எத்தனையோ தோட்டங்களில் மரம் நட்டவர்களின் பேரப் பிள்ளைகள் இப்போதுதான் முதன்முதலாகத் தங்கள் பெயரில் ஒரு கிராண்ட் வாங்கப் போகிறார்கள். அந்தப் பெயர் சரியான தாளில் ஏற வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

சந்தேகம் இருந்தால் சுங்கை புரோங்குக்கு வாருங்கள். காலையில் நான் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது கிராண்டின் நகலைக் கொண்டு வாருங்கள்; இரண்டு பேரும் உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.